பையில் வராத பெயர்

கீச்சுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பள்ளிக் கண்காட்சியில் வைத்திருந்த கணக்கு விளையாட்டை அவளும் மௌனியும் சேர்ந்துதான் செய்தார்கள். சேர்ந்து என்றால், முக்கால்வாசி மௌனி. ஆனால் திரையில் கீச்சுவின் பெயர் மட்டும் இருந்தது.

“மௌனிதான் இன்னையோட ஸ்கூலை விட்டுப் போறாளே. அவ பேரு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் டீச்சர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மௌனியை அழைத்துப்போக அவள் அம்மா வண்டியோடு வந்துகொண்டிருந்தார். அதற்குள் அவள் தன் பெயரைத் திரையில் பார்த்துவிட வேண்டும். கீச்சுவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

விளையாட்டை மூடினாள். கட்டளைகளைத் தட்டும் ஷெல் என்கிற கறுப்புத் திரையில் இரண்டாவது பெயரைத் தட்டினாள். ஷெல்லிடம் கேட்டால் ‘மௌனி’ என்று சரியாகச் சொன்னது. விளையாட்டைத் தொடங்கினால் இரண்டாவது பெயரின் இடம் காலி. அதற்குள் முன்பல் விழுந்த ஒரு பொடியன் வந்து உட்கார்ந்து ஆடத் தொடங்கிவிட்டான்.

“எக்ஸ்போர்ட் போட்டியா?” மௌனி பக்கத்தில் வந்து கேட்டாள்.

கீச்சு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மௌனி எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஷெல் அம்மா மாதிரி, அது தொடங்கும் விளையாட்டு பிள்ளை மாதிரி. வீட்டில் இருப்பதெல்லாம் தானாகப் பிள்ளையோடு போகாது. எக்ஸ்போர்ட் என்று சொன்னால்தான் அம்மா அதைப் பையில் வைத்து அனுப்புவாள்.

“இப்பப் போடறேன்.”

“இப்பப் போட்டா வராது. பிள்ளை கிளம்பியாச்சு. இதை மூடிட்டுத் திரும்பத் தொடங்கணும்.”

கீச்சுவின் கை விசைப்பலகைக்குப் போனது. பொடியன் நிமிர்ந்தான். “மூடாதீங்கக்கா. கடைசிக் கேள்வி. நான் எதுலயுமே ஜெயிச்சதில்ல.”

வெளியே ஹாரன் அடித்தது. கீச்சு மௌனியைப் பார்த்தாள்.

“அவன் ஆடட்டும்” என்றாள் மௌனி. பையை மாட்டிக்கொண்டு போனாள்.

கீச்சு கையை எடுத்துக்கொண்டாள். பொடியன் விரல் விட்டு எண்ணினான். தப்பாகிப் போய் மறுபடி எண்ணினான். கடைசியில் ஜெயித்தான். கீச்சு ஜன்னலுக்கு ஓடினாள். வண்டி போயிருந்தது.

திரும்பி வந்து விளையாட்டை மூடி, எக்ஸ்போர்ட் போட்டாள். விளையாட்டைத் தொடங்கினாள். இரண்டு பெயர்களும் பளிச்சென்று வந்தன. அவளுக்கு அழுகைதான் வந்தது.

பொடியன் எழுத்துக்கூட்டிப் படித்தான். “மௌனி யாருக்கா?”

கீச்சு மூக்கை உறிஞ்சினாள். “நீ ஜெயிக்கணும்னு, தன் பேரைப் பார்க்காமலே போனவ.”