அரண்மனைக் கல்

கிழக்குச் சுவர் காலையிலேயே கிளம்பிவிட்டது. மருதையன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள், உள்ளங்கை அகலமே இருந்த மீள்கட்டி எந்திரங்கள் ஆளுக்கொரு செங்கல்லைச் சுமந்துகொண்டு மாளிகைமேட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன.

"யாராவது தன் வீட்டைத் தானே காட்டிக் குடுப்பாங்களா?" என்றாள் அவர் மனைவி தையல்நாயகி, பாத்திரங்களைச் சாக்கில் கட்டியபடி.

நுணலும் தன் வாயால் கெடும். வாகைபுரம் ஒரு காலத்தில் பேரரசின் தலைநகரம். இடிந்து மேடாகிப்போன அரண்மனையைப் பெயர்த்துத்தான் எட்டுத் தலைமுறையாக ஊரே வீடு கட்டியது. அரண்மனைக் கல் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். ஊர்த்தலைவர் மருதையன்தான் தலைநகரை மறுபடி எழுப்ப மனுப்போட்டு மீள்கட்டிகளை வரவழைத்தார். கணக்கெடுக்க வந்தவர்களிடம், "என் வீடு முச்சூடும் ராஜா கல்லுங்க" என்று மார்தட்டியவரும் அவரே. மேட்டில் கிடப்பதை மட்டும் எடுக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

சூளையில் வெந்த காலத்தைச் செங்கல் மறப்பதில்லை. மீள்கட்டி தொட்டாலே வயது தெரிந்துவிடும். ஒட்டியிருக்கும் சாந்தை வைத்து எந்தச் சுவரில் இருந்தது என்பதையும் கண்டுபிடித்துவிடும். 'ஒவ்வொரு கல்லும் முதலில் இருந்த இடத்துக்கே' என்பது அதற்கு இட்ட கட்டளை.

ஏழு மாதத்தில் அரண்மனை எழுந்தது. தகரக் கொட்டகைகளில் இருந்து ஊர் அண்ணாந்து பார்த்தது. அழகுதான். மருதையனுக்குப் பெருமையும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் மேல்மாடத்துக் கற்கள் இறங்கத் தொடங்கின. மருதையன் மூச்சிரைக்க ஓடினார். பொறியாளர் இளவேனில் திரையைக் காட்டினாள்.

"ஐயா, கல்லோட வயசு அரண்மனையைவிடக் கூட வந்ததை முதல்ல கணக்குப் பிழைன்னு விட்டுட்டோம். ரெண்டாவது சரிபார்ப்புலதான் தெரியுது. அரண்மனைச் சாந்துக்கு அடியில வேற சாந்து ஒட்டியிருக்கு. ராஜா புதுசா சூளை போடல. இங்க இருந்த ஊரை இடிச்சு, அந்தக் கல்லுலதான் கட்டியிருக்காரு."

"நிறுத்தும்மா!"

"முடியாதுங்க. அடுத்த தலைவர் வந்து கலைச்சிடுவாருன்னு, வேலை முடியறவரைக்கும் யாரும் நிறுத்தக்கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்குனீங்க."

ஒரே மாதத்தில் அரண்மனை கரைந்தது. நூற்றுக்கணக்கில் சின்னஞ்சிறு வீடுகள் முளைத்தன. மருதையன் மனையிலும் ஒன்று, ஒற்றை அறையும் ஒரு முற்றமுமாக. தூறல் விழவும் தையல்நாயகி சாக்கோடு அதன் வாசலில் போய் நின்றாள்.

"நம்ம மனைதானே? கதவைத் திறக்கச் சொல்லும்மா."

பக்கத்தில் நின்ற இளவேனிலுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மீள்கட்டி உரியவங்களுக்குத்தான் கதவைத் திறக்கும்மா."

"அவங்க செத்து ஆயிரம் வருசமாச்சு. அவங்க வழிவந்தவங்க நாங்களா இருந்தா?"

"இருக்கலாம். யாரு வீடுன்னு ஒரு பேரு சொல்லுங்க. பதிஞ்சு பாக்கறேன்."

தையல்நாயகி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்துமூன்று ராஜாக்களின் பெயரையும் பட்டத்தோடு மூச்சுவிடாமல் ஒப்பிக்கக் கூடியவர் மருதையன். இந்த வீட்டில் இருந்தவர்களில் ஒருவர் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை.