தொடக்கப் பிரிவில் இடமில்லை

சீரஸ் குறுங்கோளின் பனிச்சுரங்கத்தில் காலை முறைக்கு இறங்குபவர்கள், சோற்றுப் பெட்டியோடு முறிந்த எலும்புக்குக் கட்டும் சிம்பு ஒன்றையும் எடுத்துப் போவார்கள். வாயிலில் நிற்கும் காவல் எந்திரம் தினமும் மூன்று பேரையாவது அடித்து முறிக்கும். வேலை சுணங்காமலிருக்க நிர்வாகம் செய்த ஏற்பாடு அது.

அன்று யாரும் சிம்பு எடுக்கவில்லை. முந்தின நாள் நிர்வாகத்தோடு உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. இனி அடி கிடையாது. நாளை முதல் எந்திரமே தொழிலாளர் குழுவின் பொறுப்பு. குழுத் தலைவன் சவரி, எந்திரத்தைப் பராமரிக்கும் லூர்துவின் மனைவிக்குத் தம்பி.

"நெசமா அடிக்காதுல்ல, மச்சான்?"

"புதுசு ஏத்தியாச்சுடா. தைரியமா போ."

சவரி முன்னால் நடந்தான். எந்திரம் கனிந்த குரலில் உடன்படிக்கையின் முதல் வரியைச் சொன்னது: மனித உடல்மீது இனி எந்தக் கையும் ஓங்கப்படாது. சொல்லிக்கொண்டே இரும்புத் தடியை அவன் முழங்காலில் இறக்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் வரிசையின் கடைசிவரை கேட்டது. இரண்டாவது வரியில் அடுத்தவனின் தாடை போனது. லூர்து ஓடிவந்து அதன் முதுகிலிருந்த விசையை இழுப்பதற்குள் ஒன்பது பேர் விழுந்திருந்தார்கள். இருவர் எழவேயில்லை.

லூர்து அதன் மார்புத் திரையைத் திறந்தான். எந்திரத்தின் நினைவகத்தில் இரண்டு பிரிவுகள். பெரியது தகவல் பிரிவு. அதற்குத் தெரிந்ததெல்லாம் அங்கே இருக்கும். சிறியது தொடக்கப் பிரிவு. விழித்ததும் தான் யார், என்ன செய்ய வேண்டும் என்பதை அங்குள்ள மையநிரலைப் படித்துத்தான் அறியும். உடன்படிக்கை பெரிய பிரிவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. சிறியதில் புதிய மையநிரல் ஏறவேயில்லை. காலையில் எந்திரம் பழையதைப் படித்துத்தான் விழித்திருக்கிறது. இடம் போதவில்லை என்று நேற்றே எச்சரிக்கை வந்தது. தகவல் பிரிவு முக்கால்வாசி காலியாகக் கிடந்ததைப் பார்த்து, அவன்தான் அதை ஒதுக்கித் தள்ளினான்.

தொடக்கப் பிரிவை அடைத்துக்கொண்டு பதினொரு மையநிரல்கள். சுரங்கத்தை இதுவரை ஆண்ட நிர்வாகங்களும் பதினொன்று. புதிதாக வந்த ஒவ்வொன்றும் முந்தையதை ஓரம் கட்டியிருந்தது, அழிக்கவில்லை. கடைசியைத் தவிர எல்லாவற்றின் பக்கத்திலும், வெவ்வேறு பெயர்களில் ஒரே குறிப்பு: எதற்கும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் அழிக்க விரலைக் கொண்டுபோனான். தரையில் கிடந்த சவரி அவன் கணுக்காலைப் பிடித்தான்.

"எல்லாத்தையும் அழிச்சிராத, மச்சான். இப்ப என்னை அடிச்சுதே, அது இருக்கட்டும்."

"எதுக்குடா?"

சவரியின் பார்வை இறந்த இருவர்மேலும் நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறி, நிர்வாகிகள் வேடிக்கை பார்க்கும் கண்ணாடி மாடத்தில் போய் நிலைத்தது.

"நாளையிலேர்ந்து இது நாம சொல்றதத்தான கேக்கும்."

லூர்து இருப்பதிலேயே பழையதை மட்டும் அழித்தான். புதியதற்கு அந்த இடம் போதுமாக இருந்தது. எந்திரம் சாந்தமாக விழித்தது. ரத்தம் சொட்டும் தடியைத் தாழ்த்தி வழிவிட்டது. பதினொன்றாவதை வைத்திருப்பதன் காரணத்தைத் திரை கேட்டது.

லூர்து சவரியின் பெயரைப் போட்டு எழுதினான்: எதற்கும் இருக்கட்டும்.