மாம்ப்ரோபியில் ஒரு சிவப்புப் புள்ளி

நகர வரைபடத்தில் மாம்ப்ரோபிப் பேட்டையின் பின்சந்து ஒன்று சிவந்திருந்தது. அமெர்லே முதலில் திரையைத்தான் துடைத்துப் பார்த்தாள், ஏனென்றால் ஹர்மட்டான் காற்று பாலைவனத்தையே அள்ளிக்கொண்டு வந்து அக்ராவின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மேசை, விசைப்பலகை, நாக்கு என்று எல்லாவற்றின் மேலும் மாவு போலத் தூசி, நண்பகல் சூரியன்கூட ஜன்னலில் தேய்ந்த நாணயம் மாதிரி மங்கிக் கிடந்தது. துடைத்த பிறகும் சிவப்பு போகவில்லை.

மக்கள் கைபேசியிலிருந்து போடும் படங்களையும் பதிவுகளையும் எண்ணி, எந்தத் தெரு எவ்வளவு கலகலப்பு என்று நகராட்சிக்குச் சொல்வது அவள் வேலை. பதிவு கூடினால் மஞ்சள், குவிந்தால் சிவப்பு. இந்தச் சந்து என்றைக்கும் சாம்பல் நிறம்தான். கெங்கே என்னும் சோள உருண்டை விற்கும் ஃபோஃபோ அம்மாளையும் நாலு ஆடுகளையும் விட்டால் அங்கே ஈ, காக்காய் கிடையாது. அமெர்லேவுக்கு நன்றாகவே தெரியும், அவள் குடியிருப்பதே அங்கேதான்.

“ஈபோ, எங்க சந்துல இன்னிக்கு என்ன விசேஷம்?”

பக்கத்து மேசை ஈபோ எட்டிப் பார்த்தான். “ஆட்டுக்குக் கல்யாணமா இருக்கும்க்கா.” பிறகு பதிவுகளைத் தள்ளிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான். “எல்லாம் ‘ஒரு வாரம்’. போன மாசம் நடந்த அதே கூத்து. மெஷின் அதை நாள் கணக்குன்னு நெனச்சு, போட்ட தேதிக்கு ஏழு நாள் முன்னால கொண்டுபோய் ஒட்டிருக்கு. சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன்.”

ஒருவர் இறந்த ஏழாம் நாள் ஊர் கூடுவதற்கு இங்கே ‘ஒரு வாரம்’ என்றே பெயர். பந்தல், நாற்காலி, பாட்டுப்பெட்டி, ஆளுக்கொரு படம். இந்த ஊரில் ஒரு தெரு கலகலப்பாக வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும் என்று இருவரும் சிரித்ததுண்டு.

“அப்போ இதெல்லாம் ஏழு நாள் கழிச்சு, அடுத்த சனிக்கிழமை போட்டது,” என்றாள் அமெர்லே.

“எவனோ போன்ல தேதியத் தப்பா வெச்சிருக்கான்.”

“இத்தனை பேருமா?”

ஈபோ தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்துத் திறந்தான்.

அவள் படங்களைத் திறந்தாள். சிவப்பும் கறுப்புமாக உடுத்திய கூட்டம். கிழவர்கள் செத்தால் வெள்ளை உடுத்துவார்கள், இது வயதாகிச் செத்தவருக்கான நிறமில்லை. பதாகையில் ‘என்ன அதிர்ச்சி’ என்று பெரிய எழுத்து, அதற்குக் கீழே இருந்த முகத்தைப் பாட்டுப்பெட்டி மறைத்தது. பின்னால் ஒரு நீல இரும்புக் கதவு. போன ஞாயிற்றுக்கிழமை அவளே அடித்த நீலம், கீல் ஓரத்தில் வழிந்து காய்ந்த தாரையோடு. முன்வரிசையில் சிவப்புத் துணியில், இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, அவள்.

அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவளும் தம்பி டெட்டேயும்.

டெட்டேவுக்கு மூச்சிழுப்பு. இந்தத் தூசிக்காலம் வந்தாலே அது முற்றும். கைபேசியை எடுத்து அவனை அழைத்தாள்.

“என்னக்கா?” குரலுக்குப் பின்னால் விசில் போல மூச்சு.

“ரொம்ப இழுக்குதா?”

“கொஞ்சம். மூச்சுக்கு மருந்து மெஷின் போடலாம்னா கரண்டு இல்ல. ஜெனரேட்டரை வெளிய இழுக்கப் போறேன்.”

“வெளிய போகாத. கதவு ஜன்னல் எல்லாம் சாத்து. இடுக்குல துணி வை, தூசி ஒரு பொட்டு உள்ள வரக் கூடாது.”

“ஜெனரேட்டர் சமையக்கட்டுல இருக்குக்கா. முற்றத்துக்கு...”

“வாசப்படி தாண்டாதன்னு சொல்றேன்ல. நான் வந்துட்டே இருக்கேன். சத்தியம் பண்ணு.”

அவன் இருமலுக்கு நடுவே சிரித்தான். “சரி தாயே. சத்தியம்.”

வீட்டுக்குப் போகும் ட்ரோட்ரோ சிற்றுந்தில் அவளுக்கு மூச்சு வந்தது. வீட்டுக்குள் இருக்கிறான். பூட்டிக்கொண்டு இருக்கிறான். எந்த வண்டி மோதும், எந்தத் தூசி தீண்டும்? ஆனாலும் மனசு ஆறாமல் வரைபடத்தைத் திறந்தாள். சிவப்பு இன்னும் கெட்டியாகியிருந்தது, உறைந்த ரத்தம் போல.

சந்து முனையில் இறங்கினாள். ஆடுகள் சுவரோரம் ஒண்டி நின்றன. வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர்கள் முற்றத்தில் நின்று இரைந்தன. அவள் முற்றம் காலியாக இருந்தது.

ஆனால் சத்தம் கேட்டது. அடங்கிய சத்தம். சுவருக்கு உள்ளேயிருந்து.

அவள் நின்றாள். சமையக்கட்டுல இருக்குக்கா. அப்போதுதான் அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கியது: இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் அதன் புகை போக வழியில்லை.

ஓடினாள். நீலக் கதவு இயந்திரத்தின் ஓட்டத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. சாவித்துளையில் எரிந்த பெட்ரோல் நாற்றம்.

“டெட்டே. கதவைத் திற. டெட்டே.”

உள்தாழ்ப்பாள். ஜன்னல்களில் திருடனுக்குப் பயந்து போட்ட கம்பி. கம்பிக்குப் பின்னால் சாத்திய பலகை. சொன்னதை ஒன்றுவிடாமல் செய்திருந்தான்.

“ஃபோஃபோம்மா, யாரையாச்சும் கடப்பாரை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. தம்பி உள்ள இருக்கான்.”

“ஐயோ மகளே. டேய், ஓடுங்கடா.”

யாரோ ஓடினார்கள். யாரோ வந்தார்கள். இன்னும் வந்தார்கள். கை நீண்டது, கைபேசியோடு. இன்னொரு கை. பிறகு வரிசையாக.

அமெர்லே மண்டியிட்டாள். கதவின் அடியில் துணி. அவளுடைய பழைய துணிதான், இறுக்கமாகத் திணித்திருந்தது. அதைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ அதைத் திரும்ப இழுத்தார்கள். ஒருமுறை. மெல்ல.

“டெட்டே?”

இன்னொரு முறை.

பிறகு இல்லை. உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் இழுத்தாள், காலைக் கதவில் ஊன்றி இழுத்தாள். துணி வரவில்லை. மறுமுனையைப் பிடித்திருந்த கை விடவே இல்லை.