பாட்டு முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன்

எங்கள் மாலை வகுப்பு மாடியில் நடக்கும். கீழே ஜெராக்ஸ் கடை. கேள்வித்தாளை நகல் எடுத்து வருவது என் வேலை.

ஒருநாள் போனபோது கடையில் யாரையும் காணோம். இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிய பாட்டு மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தேன். கடைக்கார அக்கா தரையில் உட்கார்ந்து கிதார் மீட்டிக்கொண்டிருந்தார்.

“வால் கொஞ்சம் வளைந்திருக்கும், பெயர் சொன்னால் திரும்பும்,
யார் வீட்டு வாசலில் இப்போது படுத்திருக்கும்?”

வந்த வேலையை மறந்து நின்றேன். யார் எழுதியது என்று கேட்டேன். தான்தான் என்றார். நகல் எடுப்பவர்கள் பலர் அசலை இயந்திரத்தின் மூடிக்கு அடியிலேயே மறந்துவிடுவார்களாம். அப்படி ஒருவர், தொலைந்துபோன தன் நாயின் போட்டோவை விட்டுவிட்டார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பாட்டு வந்ததாம்.

எங்கள் வகுப்பு ஆண்டுவிழாவில் பாடச் சொல்லி நான்தான் அக்காவைக் கெஞ்சினேன். சாரிடமும் கேட்டேன். “அந்த அழுமூஞ்சிப் பாட்டா?” என்று சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார்.

அக்கா தயங்கினார். “பாடினா யாரும் கேக்கறதில்ல. இவங்களும் கேக்கலைன்னா கிதாரைப் பரண்ல போட்டுடுவேன்.”

விழா அன்றுதான் விஷயம் தெரிந்தது. பிஸ்கட் பாக்கெட் கொடுக்கும் நேரத்தைத்தான் சார் அக்காவுக்கு ஒதுக்கியிருந்தார். கொடுக்கவேண்டியது யார்? நான்.

அக்கா பாடத் தொடங்கினார். முதல் வரிசைக்கு நான் கொடுத்து முடிப்பதற்குள் சரசர, மொறுமொறு. பின்வரிசைகள் “எங்களுக்கு, எங்களுக்கு” என்று கத்தின. பாட்டு கேட்கவே இல்லை. அக்காவுக்கு ஒரு வரி தப்பியது. தலை குனிந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி பாடும்போது இப்படியா மெல்லுவது? பிஸ்கட் பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். கீழே ஏதோ நொறுங்கியது. தப்புச் செய்கிறேனோ என்று பயமாகவும் இருந்தது.

சார் வேகமாக வந்தார். “எழுந்திரு. பசங்களுக்குப் பசிக்குது.”

“அக்கா முடிக்கட்டும் சார். மூணரை நிமிஷப் பாட்டு. ஒன்றரை ஆயிடுச்சு.”

“யார் இதையெல்லாம் கேக்கறாங்க?”

“நான் கேக்கறேன் சார்.”

சொல்லிவிட்டு முதல் வரிசையை முறைத்தேன். மென்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன. பின்வரிசைக்காரர்களுக்கோ கையில் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் மேடையைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். விட்ட வரியிலிருந்து மறுபடி எடுத்தார்.

பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. கைதட்டத் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வகுப்பிலேயே பெரிய வாய்க்காரன் ஒருவன் உண்டு. அவனை ‘மைக்’ என்போம். அவன் எழுந்து, முதல்முறையாக மெதுவாகப் பேசினான்.

“அக்கா, நாய் கெடச்சுதா?”

“தெரியலடா. அவர் போட்டோ வாங்கவும் வரல.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாய் என்ன நிறம், எந்தத் தெருவில் தொலைந்தது, போட்டோவைக் காட்டுவீர்களா என்று கேள்விமேல் கேள்வி. அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

“இன்னொரு தடவ பாடுங்கக்கா” என்றான் மைக்.

சார் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நானும் வசதியாகக் காலை மடக்கிக்கொண்டேன். அடியில் இன்னும் இரண்டு பாக்கெட் நொறுங்கியது.