இலக்கத்துக்கு ஒரு பெயர்

சேர்வரைத் தவிரக் கந்தோரில் இருந்த எல்லாக் கணினிகளையும் அணைத்த பிறகும், ஏதோ ஒன்று மின்னஞ்சல் அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவற்றைப் பராமரிக்கும் அலெக்ஸாண்டர் கதிரையை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கச்சான் காற்று உப்பையும் கருவாட்டு மணத்தையும் அள்ளிவந்து யன்னல் இடுக்கால் ஊத, மதிலோரம் கழுதைகள் கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது. குப்பை மடல்களைத் தடுக்கும் வடிகட்டி, மடல் அனுப்பும் கணினியின் ஐ.பி. இலக்கத்தை வைத்து, "இதற்குரிய பெயர் என்ன?" என்று திருப்பிக் கேட்கும். பெயர் வராவிட்டால் கதவைச் சாத்திவிடும். இந்த இலக்கத்துக்குப் பெயர் இல்லை. கந்தோருக்குச் சொந்தமான இலக்கம்தான். ஆனால் அதில் எந்த இயந்திரமும் இல்லை. வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் பார்த்துவிட்டான். வந்தது, தடுக்கப்பட்டது, மறுபடி வந்தது.

பெயர் வைத்து உள்ளே விட்டால், மடலைப் படித்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கந்தோர் இயந்திரங்களுக்கெல்லாம் அவன் சவேரியார், அந்தோனியார் என்று புனிதர்களின் பெயரைத்தான் வைத்திருந்தான். இன்று வேறொரு பெயரை அடித்தான். செலீனா.

மகளுக்கென்று வைத்திருந்த பெயர் அது. பிள்ளை ஒரு பகல்தான் மூச்சு விட்டது. அவசர ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லித் தாதி கெஞ்சியபோது, மனைவி மதலேனா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "இப்ப பேர் வைச்சா அனுப்பிவைக்கிற மாதிரி. கோயிலிலதான் வைப்பன்."

பெயரில்லாமலே புதைத்தார்கள். அதன்பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாதாம். சொன்னால் மதலேனா அவனை விட்டுப் போய்விடுவாளாம். செத்தது அவளுடைய பிள்ளை மட்டும்தானா? சும்மா கிடக்கிற பெயர்தானே, ஒரு கணினிப் பெட்டிக்காவது உதவட்டும்.

சோதித்தான். இலக்கம் பெயரைச் சொன்னது. பெயர் இலக்கத்தைச் சொன்னது. எல்லாம் சரி.

ஆனால் மடல் எதுவும் வரவில்லை. வருவதே நின்றுவிட்டது.

போன் அடித்தது. மதலேனா.

"இஞ்சேருங்கோ, வாசலில ஆரோ தட்டுகினம்."

"திறக்காதை."

"ஆரெண்டு கேட்டனான். பேர் சொல்லுது."

"என்ன பேர்?"

அவள் சிரித்தாள். பிள்ளை வயிற்றில் இருந்த நாட்களுக்குப் பிறகு அவன் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

"அந்தப் பேர் வைச்சது நீங்களோ?"

அவன் பெயரை அழித்தான். அந்த இலக்கத்துக்குரிய பெயரை மறுபடி கேட்டுப் பார்த்தான். செலீனா. மறுபடி. செலீனா. அழித்தாலும், ஒருமுறை கேட்டுவைத்த இயந்திரங்கள் உடனே மறப்பதில்லை. அது அவனுக்குத் தெரிந்த விசயம்தான்.

"மதலேனா, திறக்காதை!"

போனுக்குள் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ஈரமண் போல ஏதோ தரையில் உதிர்ந்தது.

"வா பிள்ளை. அம்மாட்டை வா."

சேலை சரசரத்தது. கதிரை கிரீச்சிட்டது.

"பசிக்குதாம், பாவம்," என்றாள்.

பிறகு விழுங்கும் சத்தம். பெரிய பெரிய விழுங்கல். நிற்கவில்லை.

"குடி," என்றாள் மதலேனா. குரல் மெலிந்திருந்தது. "குடி... குடி..."

அவன் கத்தினான். அவளுடைய குரல் நின்றுபோனது.

விழுங்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.