பச்சையாகிப் போன வரி

அன்றிரவு செலீன் கணினித் திரையைத் தட்டி எழுப்பியபோது, சிவப்பாக இருந்திருக்கவேண்டிய எழுத்துகள் பச்சையாக இருந்தன.

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். காலையிலிருந்து அலைந்த களைப்பு கால்களில் இருந்தது. விசாரிக்கப் போன இடத்தில் நாள் முழுக்க வாங்கில் குந்தியிருக்க வைத்து, பெயர் கூப்பிடாமல், கடைசியில் நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். காலி வீதியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். வெள்ளவத்தையில் இறங்கி, கடலை நோக்கிப் போகும் ஒழுங்கையால் நடந்து, மாடிப்படி ஏறி, முன்னறை விளக்கைப் போடுவதற்கு முன்பே அவள் கை திரையிடம் போயிருந்தது. தினமும் அப்படித்தான்.

அந்த நிறத்தை வைத்தவன் அவள் கணவன் வலன்ரைன். இருவரும் மென்பொருள் எழுதுகிறவர்கள். அவள் பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில், அவன் வீட்டிலிருந்தபடி. கட்டளை எழுதும் கறுப்புத் திரையில், கர்சருக்கு முன்னால் நிற்கும் அந்தச் சிறு வரிக்கு அவன் நிறம் கொடுத்திருந்தான். எழுதிய மாற்றங்களை எல்லாம் கொமிட் பண்ணி, அதாவது முடிந்ததாகப் பதிந்துவிட்டால், பச்சை. ஏதாவது அரைகுறையாகக் கிடந்தால் சிவப்பு. “களைச்சுப்போன நேரத்தில வாசிச்சுப் பாக்கத் தேவையில்லை, நிறத்தைப் பாத்தாக் காணும்” என்பான்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை, ஒரு வரியின் நடுவில் கையை எடுத்துவிட்டு, பாண் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனான். சந்தியில் ஒரு வெள்ளை வான் நின்றதாகப் பாண் கடைக்காரர் சொன்னார். அப்படி வான்களில் ஏற்றப்பட்ட யாரும் திரும்பி வந்ததில்லை; அவனும் வரவில்லை.

அன்றிலிருந்து அந்த வரி சிவப்பு. அந்தப் பாதி வரியை அவள் முடிக்கவுமில்லை, அழிக்கவுமில்லை. சிவப்பாக இருக்கும் வரைக்கும் அவன் எழுந்து வெளியே போயிருக்கிறான், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லமுடியாத நம்பிக்கை அது.

இப்போது பச்சை.

கதிரையில் அமர்ந்து பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். கடைசிப் பதிவு இன்று பின்னேரம் நடந்திருந்தது. பெயர் வலன்ரைன். குறிப்பில், ஆங்கில எழுத்தில் அவன் வழக்கமாக எழுதும் தமிழில், ஒரே சொல்: முடிஞ்சுது.

இணைய இணைப்பு போன மாதமே வெட்டுப்பட்டுவிட்டது. வெளியிலிருந்து யாரும் இதற்குள் வரமுடியாது. இந்த அறைக்குள் வந்து, இந்தக் கதிரையில் இருந்துதான் தட்டியிருக்கவேண்டும்.

படிக்கட்டுக்குப் போய்க் கீழே எட்டிக் கூப்பிட்டாள். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி நேசம் கையில் அகப்பையோடு வந்து நின்றாள்.

“அக்கா, பின்னேரம் ஆராவது மேல வந்தவையோ?”

“ஒருத்தரும் வரேல்லைப் பிள்ளை. கேற் பூட்டித்தானே கிடந்தது.” நேசம் கொஞ்சம் யோசித்தாள். “நீதானே நேரத்தோட வந்திட்டாய்?”

“இல்லை அக்கா. இப்பதான் வந்தனான்.”

“அப்ப… மேல நடக்கிற சத்தம் கேட்டுது. ஈரக்காலோட நடக்கிற மாதிரி. குளிச்சிட்டு வாறாயாக்கும் எண்டு நினைச்சன்.”

செலீன் உள்ளே திரும்பிப் போய்க் குசினி விளக்கைப் போட்டாள். பயப்படக்கூடக் களைப்பாக இருந்தது. அதன் மஞ்சள் வெளிச்சம் முன்னறை வாசலோடு நின்றுவிட்டிருந்தது. கடைசி ரயில்களில் ஒன்று கடலோரமாக இரைந்துகொண்டு போக, யன்னல் கண்ணாடி நடுங்கி ஓய்ந்தது. அதன்பிறகுதான் மணம் வந்தது. கடல் மணம் இல்லை, அது அவளுக்குப் பழகிய மணம். இது தேங்கிய தண்ணீரின், சேற்றின், கனநாள் மூடிக்கிடந்த எதையோ திறந்ததுபோன்ற மணம். கதிரையின் இருக்கைத் துணி நனைந்திருந்தது. முதலில் அமர்ந்தபோது அது தெரியவில்லையே என்று நினைத்தாள்.

திரையைப் பார்த்தாள். சிவப்பு.

என்ன மாறியிருக்கிறது என்று கேட்டுக் கட்டளை கொடுத்தாள். கோப்பின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

செலீன்.

மறுபடி கேட்டாள். இன்னொரு வரி.

லைற்றைப் போடாதை.

அவள் கை அந்த நேரம் சுவர்ப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. விரல் சுவிச்சைத் தொட்டு நின்றது. பின்னால் ஏதோ சொட்டியது. தரையில். மெதுவாக.

கையை எடுத்து, நனைந்த கதிரையிலேயே அமர்ந்தாள்.

“சரி,” என்றாள். “போடேல்லை.”

கத்திக்கொண்டு கீழே ஓடலாம். நேசம் கதவைத் திறப்பாள். ஆனால் எத்தனை வாசல்களில் நின்று, எத்தனை பேரிடம் கெஞ்சிக் கேட்டது இது. இன்றுதான் முதல்முறையாக ஒரு பதில் வந்திருக்கிறது.

“இஞ்சருங்கோ,” என்றாள், திரும்பாமல். “சாப்பிட்டீங்களோ?”

சொட்டும் சத்தம் கதிரைக்குக் கிட்ட வந்தது.

அப்போது விளக்குகள் போயின. குசினி. ஒழுங்கை. எதிர்வீடு. திரையும் செத்தது. கணினியின் இரைச்சல் இறங்கி அடங்கியது. தூரத்தில் வானத்தை நோக்கிச் சுடும் சத்தம் தொடங்கியது.

“பிள்ளை!” கீழேயிருந்து நேசம் கத்தினாள். “குண்டு போடுற பிளேன் வந்திட்டுதாம்! மெழுகுதிரி ஒண்டும் கொளுத்திப்போடாதை!”

செலீன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

இருட்டில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் தொடங்கியது.

அவள் கைகள் மடியில் இருந்தன.

வேகமான, பழகின தட்டல். நடுவில் ஒரு நிறுத்தம். மறுபடி தட்டல். அடையாளம் தெரிந்தது. இரவுகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நித்திரையானவள் அவள்.

நின்றது.

குளிர்ந்த ஒரு கை அவள் மடிக்கு வந்தது. இன்னொன்று. நோகாமல், அவன் எப்போதும் பிடிப்பதுபோலவே, அவளுடைய இரண்டு கைகளையும் தூக்கி விசைகளின்மேல் வைத்தன. அவள் விரல்களின்மேல் ஈரமான விரல்கள் படிந்தன. வானத்தில் சிவப்பாக எதுவோ வெடித்து, அறைச் சுவர் ஒருகணம் தெரிந்து மறைந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அந்த விரல்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தின. எழுத்தெழுத்தாக. செத்த கணினியில்.

அவற்றில் நகங்கள் இல்லை.