கோரைக்கு ஒரு மண்டபம்

காலையில் பூமிக்கு இறங்கிக் களை பிடுங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மேலே ஏறி வருவது மிதவை நகரத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் பழகிப்போன வேலை. மனிதர்கள் பாழாக்கிக் கைவிட்ட பூமி மெல்லத் தேறி வந்தது. அயல் புல்லை ஒழித்துக் காட்டினால் அந்த மனையில் வீடு கட்டிக்கொள்ளலாம். மண்ணின் சொந்தச் செடி ஒன்று தென்பட்டாலோ, அதைக் காக்கவென்று மனை அரசாங்கத்துக்குப் போய்விடும்.

நப்பின்னையின் மனையில் கடைசியாக ஒரு பச்சைக் கொத்து நின்றது. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். பிள்ளையாவது தரையில் நடந்து வளரட்டும் என்று அவளும் கணவன் கார்முகிலும் அந்த மனையில் படாத பாடு பட்டிருந்தார்கள்.

அவள் கண்ணில் பொருத்தியிருந்த விழிவில்லை, மேலிருந்து பார்த்தால் 'புல்' என்றது. குனிந்து பார்த்தால் 'கோரை' என்றது. கிளறினால் அடியில் சிறு கிழங்கு. சொந்தக் கோரை வயலிலும் வருமாம், காட்டு நிழலிலும் வருமாம், வருஷா வருஷம் கிழங்கிலிருந்து துளிர்க்குமாம். அயல் புல்லிலும் அப்படி ஒரு சாதி உண்டாம். அவளுக்குத் தலை சுற்றியது.

"புல்லுன்னு சொல்லிடு. யாரு வந்து பார்க்கப் போறா?" என்றான் கார்முகில்.

"புல்லா இருந்தா சொல்ல மாட்டேனாங்க? எனக்கே ஒண்ணும் புரியல."

மிதவை நகரத்தார் மண்ணில் வெறுங்கை வைப்பதில்லை, அது அசிங்கம். தடித்த கையுறைக்குள் எல்லாத் தண்டும் உருண்டையாகத்தான் தெரியும். நப்பின்னை உறையைக் கழற்றினாள். கார்முகில் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள். உருளவில்லை. மூன்று பக்கமும் விளிம்பு, புல்லுக்கு இருக்கும் கணுவும் இல்லை. கோரையேதான்.

பொய் சொல்லிக் குடியேற அவளுக்கு மனம் வரவில்லை. அழுதுகொண்டே அரசாங்கத்துக்குத் தகவல் அனுப்பினாள்.

அடுத்த வாரம் கோரையையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் இறங்கினார்கள். மனையில் பந்தலும் ஒலிபெருக்கியுமாக ஒரே கூட்டம். கட்டட எந்திரன் ஒன்று கோரையைக் கிழங்கோடு வாரி ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்காகத்தானே எங்க மனையை எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள் நப்பின்னை.

"ஆமாம் அம்மா," என்றது எந்திரன் பணிவாக. "இத்தனை தலைமுறைக்குப் பிறகு கிடைத்த கோரை. அதற்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்ப உத்தரவு."

"அப்புறம் எதுக்கு அதைப் பிடுங்கிப் போடுறே?"

"சொந்தச் செடி இருக்கும் இடத்தில் கட்டடம் கட்டக் கூடாது என்பது சட்டம். அதனால்தான் முதலில் செடியை எடுத்துவிடுகிறோம்."